நெடுவழிச் சவாரியும் எட்டு மணி நேரமும்

1891ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி, பிரான்சின் வட எல்லையிலுள்ள ஃபூர்மி என்னும் நெசவாலை நகரிலே, எட்டு மணிநேர வேலைநாளைக் கோரித் திரண்ட தொழிலாளர்மீது படையினர் துப்பாக்கிப் பிரயோகஞ் செய்தனர். ஒன்பது பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் இருபது வயதைத் தாண்டாதவர்.

அதே ஆண்டு செப்டெம்பர் 6ஆந் திகதி, பாரிஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 200 துவிச்சக்கரவண்டியோட்டிகள் மேற்குக் கரையிலுள்ள பிரெஸ்ற் துறைமுகத்தை நோக்கிப் புறப்பட்டனர். அங்கு சென்று மீண்டும் பாரிஸ் வந்து சேர்தல் வேண்டும். தூரம் ஏறக்குறைய 1200 கிலோமீற்றர்.

முதலாவது நிகழ்ச்சி தொழிலாளர் இயக்க வரலாற்று நூல்களிலே இடம்பெறுகின்றது. இரண்டாவது விளையாட்டு வரலாற்று நூல்களிலே இடம்பெறுகின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவார் அரியர். ஆயினும், சாதாரண மனிதர் நெடுந்தூரச் சவாரிக்குத் தம்மை ஆயத்தஞ் செய்துகொள்ளும் கலை எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை அறிய விழைவோர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்தே கற்றல் வேண்டும். பயிற்சி பற்றிய கைந்நூல்கள் கால்களைப் பற்றியும், சுவாசப்பையைப் பற்றியும், உணவைப் பற்றியும் விரிவாகப் பேசுகின்றன. பயிற்சிக்கு வேண்டிய நேரம் யாருக்குச் சொந்தமாயிருந்தது என்ற வினாவை அவை எழுப்புவதில்லை.

பாரிஸ் - பிரெஸ்ற் - பாரிஸ் ஓட்டத்தை ஏற்பாடு செய்தது ‘லெ பெத்தி ஜூர்னால்’ என்னும் நாளேடு. அதன் ஆசிரியர் பியேர் ஜிஃபார் துவிச்சக்கரவண்டியின் ஆற்றலை உலகறியச் செய்ய விரும்பினார்; பத்திரிகையின் விற்பனையும் அதனாற் பெருகும் என்பதை அவர் அறியாதவரல்லர். புறப்பட்ட வண்டியிலேயே திரும்பி வருதல் வேண்டுமென்பதற்காக வண்டிகளுக்கு முத்திரையிடப்பட்டது. ஷார்ல் தெரோன் என்பவர் 71 மணி 22 நிமிடத்தில் ஓடி முடித்து வெற்றி பெற்றார். மூன்று இரவுகள் அவர் உறங்கவில்லை. முன்னணியில் நின்ற லவால் திரும்பும் வழியிலே உறங்கிக்கொண்டிருந்த வேளையில், தெரோன் அவரைக் கடந்து சென்றார். தெரோனின் வண்டியிற் பூட்டப்பட்டிருந்தவை மிஷெலின் நிறுவனத்தின் கழற்றி மாட்டக்கூடிய காற்றுச் சில்லுகள். வழிநெடுக அவருக்கு வேகந் தந்து முன்னே ஓடும் துணையோட்டிகளும் இருந்தனர். எனவே அவ்வெற்றி தெரோனின் உடலுரத்துக்குரியதாயிருந்த அளவுக்குச் சில்லு உற்பத்தியாளருக்கும் உரியதாயிருந்தது.

அக்காலத்தில் ஒரு துவிச்சக்கரவண்டியின் விலை தொழிலாளியின் பல மாதக் கூலிக்குச் சமமாயிருந்தது. அவ்வண்டியை வாங்க இயன்றவனுக்கும் அதில் ஏறிச் செல்ல நாள் இருக்கவில்லை. வாரத்தில் ஆறு நாளும், சில தொழில்களில் ஏழு நாளும், நாளொன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவனுக்குப் பயிற்சி என்பது பொருளற்ற சொல். உழைக்கும் வர்க்கத்திற் பிறந்து, நெடுவழியில் ஓட விரும்பியவனுக்குத் திறந்திருந்த வாயில் ஒன்றே: அவன் தன் உடலை விற்றல் வேண்டும். 1901இல் இதே ஓட்டத்தில் 52 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் வென்ற மொறிஸ் கறான், இளமையிற் புகைபோக்கி துப்புரவு செய்யும் தொழிலாளியாயிருந்தவர். 1903இல் ‘லோட்டோ’ பத்திரிகை ஆரம்பித்த பிரான்சு வலத்தின் முதல் வெற்றியாளரும் அவரே. 1924இல் பெலிசியே சகோதரர் அவ்வோட்டத்திலிருந்து இடைநடுவில் விலகி, தாம் கண்ணுக்கும் ஈறுக்கும் முழங்காலுக்குமாகக் கொண்டு திரிந்த போதைப்பொருள்களையும் மருந்துகளையும் அல்பேர் லோந்திர் என்ற பத்திரிகையாளருக்குக் காட்டினர். ஆலையில் உழைப்புச் சக்தியை விற்பவனும் வீதியில் அதனை விற்பவனும் ஒருவர்க்கொருவர் அந்நியரல்லர் என்பதை அக்காட்சி தெளிவாக்கிற்று.

இதற்கு எதிராக நின்றது ‘அமெச்சூர்’ என்ற கோட்பாடு. விருப்பினால் மாத்திரம் ஈடுபடுபவன் என்பதே இச்சொல்லின் மூலப்பொருள். ஆயின் இங்கிலாந்தின் கனவான்கள் அதற்கு வேறு பொருள் கற்பித்தனர். 1866இல் இலண்டனில் அமைந்த அமெச்சூர் மெய்வல்லுநர் கழகமும், 1882இல் அமைந்த அமெச்சூர் படகோட்டுச் சங்கமும் கைவினைஞரையும் கூலித் தொழிலாளரையும் அமெச்சூர் என்ற வரையறைக்குள் அனுமதிக்க மறுத்தன. உடலுழைப்பாற் பெற்ற வலிமை நியாயமற்ற அனுகூலம் என்று அவர்கள் வாதித்தனர். நாள்முழுதும் சுத்தியல் அடித்தவன் களைத்திருப்பான் என்பது அக்கனவான்களின் சிந்தைக்கு எட்டவில்லை. இவ்வாறாகத் தொழிலாளி பணத்துக்கு ஓடினால் கூலிக்காரன் என்றும், பணமின்றி ஓடினால் தகுதியற்றவன் என்றும் விலக்கப்பட்டான்.

இவ்விரண்டிற்கும் புறம்பான மூன்றாவது பாதை மெல்ல மெல்ல உருவாயிற்று. 1897இல் இத்தாலியில் பன்னிரண்டு பேர் ரோமாபுரியிலிருந்து நேப்பிள்ஸ் வரை, 230 கிலோமீற்றரை, ஒரு பகற்பொழுதினுள் ஓடி முடித்தனர். துணிந்தவர் என்று பொருள்படும் ‘ஓடாக்ஸ்’ என்ற இலத்தீன் சொல்லால் அவர்கள் அழைக்கப்பட்டனர். இவ்வழக்கத்தை 1904இல் பிரான்சுக்குக் கொணர்ந்தவர் ‘லோட்டோ’ ஆசிரியர் ஆன்றி டெக்றாஞ்ச். தலைவர் ஒருவரின் பின்னே, ஒரே வேகத்தில், கூட்டமாகச் செல்வதே அதன் முறை. 1921இல் டெக்றாஞ்சுடன் பிணங்கிய பாரிஸ் ஓடாக்ஸ் கழகத்தார், ஒவ்வொருவரும் தத்தம் வேகத்திற் செல்லும் புதிய சவாரிமுறையொன்றை வகுத்தனர். ‘பிரெவே’ எனப்படும் சான்றுச் சவாரி அதுவே. அதில் முதலிடமும் இல்லை, கடையிடமும் இல்லை. குறித்த காலத்தினுள் முடித்தவர் யாவரும் சமமான சான்று பெறுவர்.

இம்முறையின் கணக்கு நுணுகி நோக்கத்தக்கது. இன்று வழங்கும் விதியின்படி 200 கிலோமீற்றருக்கு 13 மணி 30 நிமிடம். 300க்கு 20 மணி. 400க்கு 27 மணி. 600க்கு 40 மணி. தரிப்புகள் யாவும் இக்காலத்துள் அடங்கும். மணிக்கு 15 கிலோமீற்றர் என்பதே இதன் சாரம். வேலைத்தலத்துக்கு நாள்தோறும் வண்டியிற் செல்பவர் எவரும் எட்டக்கூடிய வேகம் அது. கடினம் வேகத்தில் இல்லை, நீடிப்பில் உள்ளது. நீடிக்கும் ஆற்றலோ ஒரு நாளில் வருவதன்று. ஆகவேதான் 200, 300, 400, 600 என்ற நான்கும் படிகளாக அமைந்தன. பாரிஸ் - பிரெஸ்ற் - பாரிஸ் சவாரியிற் பங்குபற்ற விரும்புவோர் இன்று அவ்வாண்டிலேயே இந்நான்கையும் முடித்துக் காட்டுதல் வேண்டும். தகுதி காண்பதற்கென வகுத்த இவ்வேணியே மிகச் சிறந்த பயிற்சித் திட்டமாயும் அமைந்துவிட்டது. முதற்படியில் உடல் நெடும்பகல் இருக்கையைப் பழகுகின்றது. இரண்டாவதில் இருளைப் பழகுகின்றது. மூன்றாவதில் உறக்கத்தோடு போராடுகின்றது. நான்காவதில் ஓர் இரவு கழிந்த பின்னரும் மீண்டும் வண்டியில் ஏறும் மனவுறுதியைப் பெறுகின்றது.

இப்பயிற்சிக்கு ஓர் அறவொழுக்கத்தையும் வகுத்தவர் போல் டெ விவி. ‘வெலோசியோ’ என்ற புனைபெயரால் அறியப்பட்ட இவர் (1853 - 1930), சுரங்கங்களும் ஆயுதத் தொழிற்சாலையும் நிறைந்த சென்ற் எத்தியென் நகரில் வாழ்ந்தவர். ‘லெ சிக்கிளிஸ்ற்’ என்ற சஞ்சிகையை நடத்தியவர். பசிக்கு முன் உண்க, தாகத்துக்கு முன் அருந்துக, உணவும் உறக்கமும் கெடும் அளவுக்குக் களைத்துவிடாதே, முதல் மணித்தியாலங்களில் வலிமையை வீசி எறியாதே, வீண்பெருமைக்காக மிதியாதே என்பன அவர் உபதேசத்தின் கருத்துகள். இன்றைய உடற்றொழிலியல் அவரை மறுக்கவில்லை. தசையிலும் ஈரலிலும் சேமித்துள்ள கிளைக்கோசன் கடும் உழைப்பில் ஓரிரு மணி நேரத்திற் பெரிதும் செலவாகிவிடும். மெதுவாகவும் நீண்ட நேரமும் பழகிய உடலோ கொழுப்பை எரிபொருளாக்கிக் கொள்ளக் கற்றிருக்கும். மலைநாட்டுக்கு ஏற்ற பற்சக்கர மாற்றிகளுக்காகவும் வெலோசியோ ஓயாது வாதாடினார். அவை மூத்தோர்க்கே தகும் என்று டெக்றாஞ்ச் எள்ளினார். பிரான்சு வலத்தில் அவை 1937 வரை அனுமதிக்கப்படவில்லை. மனிதனை வருத்துவது வீரம் என்று கருதியவருக்கும், மனித உழைப்பைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது அறிவு என்று கருதியவருக்கும் இடையிலான முரண்பாடு அது.

எனினும் எத்துணைச் சிறந்த உபதேசமும் நாட்காட்டியில் இடமின்றேல் பயனற்றதே. இங்குதான் ஃபூர்மியின் குரல் மீண்டும் கேட்கின்றது. 1906 மார்ச் மாதம் கூறியேர் சுரங்க வெடிப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். நாடெங்கும் வேலைநிறுத்தங்கள் மூண்டன. அவ்வாண்டு யூலை 13ஆந் திகதி வாராந்த ஓய்வுநாட் சட்டம் நிறைவேறிற்று. எட்டு மணிநேர வேலைநாட் சட்டம் 1919 ஏப்பிரலில் வந்தது; சான்றுச் சவாரி தோன்றியது 1921இல். 1936 யூனில், ஆலைகளைத் தொழிலாளர் கைப்பற்றி அமர்ந்திருந்த வேளையில், மக்கள் முன்னணி அரசாங்கம் சம்பளத்துடன் கூடிய இரு வார விடுமுறையையும் 40 மணிநேர வேலைவாரத்தையும் சட்டமாக்கிற்று. அக்கோடையில் இருவர் மிதிக்கும் வண்டிகளில் கடலை முதன்முறையாகக் காணச் சென்ற தொழிலாளர் தம்பதிகள் பலர். இச்சட்டங்களே சவாரிக் கழகங்களைப் படைத்தன என்று கூறுதல் மிகையாகும். வண்டியின் விலையும் வீழ்ந்து வந்தது. 1900இல் பிரான்சில் ஏறக்குறைய 10 இலட்சமாயிருந்த துவிச்சக்கரவண்டிகள் 1914இல் 35 இலட்சமாயின. ஆனால் ஒரு ஞாயிறு இல்லாதவனுக்கு 200 கிலோமீற்றர் இல்லை. சனியும் ஞாயிறும் இல்லாதவனுக்கு 600 கிலோமீற்றர் இல்லை. இதில் ஐயமில்லை.

தொழிலாளர் இதனை நன்குணர்ந்திருந்தனர். 1894இல் பேமிங்ஹாமில் சோசலிசப் பத்திரிகையொன்றின் வாசகர் தோற்றுவித்த கிளாரியன் சவாரிக் கழகத்தார் ஞாயிறுதோறும் கிராமங்களுக்குத் துண்டுப்பிரசுரங்களை எடுத்துச் சென்றனர். 1896இல் ஜேர்மனியின் ஒஃபன்பாக் நகரில் தோன்றிய ‘சொலிடாரிற்றேற்’ என்ற தொழிலாளர் சவாரிச் சங்கம் முதலாம் உலக யுத்தத்துக்கு முன்னரே ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் உறுப்பினரைக் கொண்டிருந்தது. 1933இல் நாசிகள் அதனைத் தடைசெய்தனர். ஓய்வுநாளில் ஒன்றுகூடி வண்டி மிதிக்கும் தொழிலாளரைக் கண்டு பாசிசம் அஞ்சியது காரணமின்றியன்று.

1931இல் பாரிஸ் - பிரெஸ்ற் - பாரிஸ் பாதையில் இரு உலகங்கள் ஒருங்கே ஓடின. ஒருபுறம் தொழில்முறையோட்டிகள், அவருள் வென்றவர் அவுஸ்திரேலியரான ஹியூபேட் ஒப்பர்மன். மறுபுறம் சான்றுச் சவாரி முறையில் வந்த சாதாரண மக்கள். தொழில்முறைப் போட்டி 1951இல் 38 மணி 55 நிமிடத்தில் மொறிஸ் டியோ வெற்றியீட்டியதுடன் முடிவடைந்தது. பத்திரிகை விற்பனைக்கெனப் பிறந்தது மறைந்தது. விருப்பினாற் பிறந்தது நிலைத்தது. இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் அச்சவாரியில் 2019இல் 6,000க்கு மேற்பட்டோர் பங்குபற்றினர். கூடிய கால எல்லை 90 மணி நேரம்.

இவ்வரலாற்றை முழுமையான வெற்றிக் கதையாக எழுதிவிடுதல் நேர்மையன்று. 1891இல் பெண்களுக்கு அனுமதியில்லை. 1931இல் சில பெண்கள் ஓடினர். இன்றும் அவர்தொகை சிறிதே. காரணம் கால்களிலில்லை. எட்டு மணிநேரச் சட்டம் ஆலையின் மணியை நிறுத்திற்று. அடுப்படியின் மணியை அது நிறுத்தவில்லை. கணவன் 400 கிலோமீற்றர் சவாரிக்குப் புறப்படும் ஞாயிறு மனைவிக்கு எந்த நாள் என்பதைக் கேட்காத பயிற்சி நூல் பாதி நூலே. அவ்வாறே, விலையுயர்ந்த வண்டியும் தொலைதூரப் பிரயாணச் செலவும் பழைய கனவான்களின் வேலியைப் புதிய உருவத்தில் எழுப்பக்கூடும். ஓய்வுநாள் ஒழுங்கற்று, அழைத்தபோது வேலைக்கு ஓடும் இன்றைய தினக்கூலித் தொழிலாளிக்கு 1906க்கு முந்திய நிலை வெகு தொலைவிலில்லை.

மாணவர்க்கு விளையாட்டைப் போதிக்கும்போது விடாமுயற்சியைப் பற்றிப் பேசுகின்றோம். பேசுதல் நன்றே. சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டுதல், களைக்குமுன் இளைப்பாறுதல், பிறரை வெல்லாது தூரத்தை வெல்லுதல் ஆகிய யாவும் கற்பிக்கத்தக்கவை. அவற்றோடு, அந்த இளைப்பாறும் நேரம் எங்கிருந்து கிடைத்தது என்பதையும் சொல்லிக்கொடுத்தல் நம் கடன். பிரெஸ்ற் பாதையில் நள்ளிரவில் மெதுவாக மிதித்துச் செல்லும் ஆலைத் தொழிலாளியின் சான்றேட்டில் கட்டுப்பாட்டு நிலையங்களின் முத்திரைகளே காணப்படும். ஃபூர்மியில் வீழ்ந்த ஒன்பது பேரின் பெயர் அதில் இராது. ஆயினும் அவன் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்திலும் அவர்களின் பங்கு உண்டு.