வளர்ச்சியா, பசியா? சுரப்பூக்கிப் பெப்டைடுகளின் பெயர் குறித்து ஒரு மறுப்பு

ஒரு மருந்துக்கு, முதல் சோதனையில் கண்ணில் பட்ட விளைவைக் கொண்டே பெயர் வைத்துவிடுவது வழக்கம். பெரும்பாலும் அதனால் கேடில்லை. வளர்ச்சி ஹார்மோன் சுரப்பூக்கிகள் எனப்படும் செயற்கைப் பெப்டைடுகளின் விஷயத்தில் கேடு நேர்ந்திருக்கிறது என்பது என் வாதம். அவை வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கச் செய்வது மெய். அதுவே அவற்றின் முதன்மைப் பணி என்று கொண்டதுதான் பிழை.

1970களின் பிற்பகுதியில், நியூ ஆர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகத்தில் சிரில் பவர்ஸ், மூளையில் வலி தணிக்கும் மெட்-என்கெஃபலினைத் திருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஐந்து அமினோ அமிலங்களில் இரண்டாவதான கிளைசினை எடுத்துவிட்டு டி-டிரிப்டோஃபேனை வைத்ததும் வலிதணிப்புக் குணம் அகன்றது. சோதனைக் கலத்திலிருந்த பிட்யூட்டரித் திசு வளர்ச்சி ஹார்மோனைச் சுரந்தது. உயிருள்ள விலங்கில் மட்டும் அது பலிக்கவில்லை. ஃபிராங்க் மொமனியின் மூலக்கூறு வடிவக் கணக்கீடுகளோடு திருத்தித் திருத்தி, 1984இல் ஆறு அமினோ அமிலங்கள் கொண்ட ஜிஹெச்ஆர்பி-6 வந்த பிறகே உடலிலும் விளைவு கிடைத்தது.

இதற்கிடையில், 1982இல் கியெமன் குழுவும் வேல் குழுவும் உடலின் சொந்தத் தூண்டியான ஜிஹெச்ஆர்ஹெச்சை, வளர்ச்சி ஹார்மோன் மிகுதியால் வரும் அக்ரோமெகலி நோயுற்றோரின் கணையக் கட்டிகளிலிருந்து பிரித்தெடுத்துவிட்டன. பவர்ஸின் பெப்டைடு அதை எவ்வகையிலும் ஒத்திருக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் செலுத்தினால், தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகையைவிட மிகுதியாக ஹார்மோன் சுரந்தது. எனவே பவர்ஸின் பெப்டைடு செல்லில் பற்றிக்கொள்ள வேறோர் ஏற்பி இருந்தாக வேண்டும். மெர்க் நிறுவன ஆய்வாளர்கள் 1996இல் அதைக் கண்டறிந்து, வளர்ச்சி ஹார்மோன் சுரப்பூக்கி ஏற்பி என்றே பெயரிட்டார்கள். இயற்கையில் அது எதற்காக இருக்கிறது என்று அப்போது எவருக்கும் தெரியாது. செயற்கைப் பொருளின் பெயரை இயற்கை ஏற்பி சுமந்த விசித்திரம் இப்படி நேர்ந்தது.

1999இல் ஜப்பானில் கொஜிமாவும் கங்காவாவும் அந்த ஏற்பிக்கு உரிய இயற்கை ஹார்மோனைக் கண்டார்கள். கிடைத்த இடம் மூளையன்று, எலியின் இரைப்பை. 28 அமினோ அமிலங்கள்; மூன்றாவதான செரினில் எட்டுக் கார்பன் கொழுப்பமிலம் ஒன்று ஒட்டியிருந்தது. வயிற்றிலிருந்து வந்த ஹார்மோனுக்கு வயிற்றை ஒட்டிப் பெயர் வைத்திருக்கலாம். ‘வளர்’ என்னும் பொருள்தரும் இந்தோ-ஐரோப்பிய வேர்ச்சொல்லிலிருந்து கிரெலின் என்றார்கள். பழைய பிழைக்குப் புதிய முத்திரை.

அடுத்து வந்த சான்றுகள் வேறு திசையைக் காட்டின. கிரெலின் செலுத்தப்பட்ட மனிதர்கள் கூடுதலாக உண்டார்கள். கிரெலின் மரபணு நீக்கப்பட்ட எலிகள் ஏறத்தாழ இயல்பான அளவுக்கே வளர்ந்தன. அக்கொழுப்பமிலத்தை ஒட்டவைக்கும் நொதியை இழந்த எலிகளோ, உணவு வெகுவாகக் குறைக்கப்பட்டபோது இரத்தச் சர்க்கரை தாழ்ந்து சாகும் நிலைக்குப் போயின. பஞ்சகாலத்தில் உயிரைப் பிடித்துவைப்பதே இந்த ஹார்மோனின் தலையாய வேலை என்று தோன்றுகிறது.

இதற்கு மறுப்பு உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. இந்த ஏற்பியின் மரபணுவில் ஒரு பிறழ்வு குட்டையான உடல்வாகுள்ள குடும்பங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் அப்பிறழ்வு கெடுப்பது ஏற்பியின் தன்னியல்பான அடிநிலை இயக்கத்தை. கிரெலினுக்குச் செவிசாய்க்கும் திறன் அதில் எஞ்சியிருக்கிறது. ஆகவே ஏற்பிக்கு வளர்ச்சியில் பங்குண்டு என்பதை ஏற்கலாம். வெளியிலிருந்து தூண்டினால் வளர்ச்சி பெருகும் என்பது அதிலிருந்து பெறப்படாது.

மருத்துவமனைச் சான்று இன்னும் தெளிவானது. பெப்டைடு அல்லாத, ஆனால் அதே ஏற்பியைத் தூண்டும் இபுடமோரென் மாத்திரையை நலமுள்ள முதியோர் 65 பேரிடம் சோதித்த ஈராண்டு ஆய்வு 2008இல் வெளியானது. கொழுப்பல்லாத உடல் எடை மாத்திரை உண்டோரிடம் ஓராண்டில் சராசரியாக 1.1 கிலோ கூடியது. வலிமை கூடவில்லை, நடமாட்டம் மேம்படவில்லை. இரத்தச் சர்க்கரை சற்றே ஏறியது. இடுப்பெலும்பு முறிந்தோரிடம் நடந்த மற்றோர் ஆய்வு, இதயச் செயலிழப்பு குறித்த ஐயத்தால் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

இக்குடும்பத்தில் உரிமம் பெற்றவை எவை என்று பாருங்கள். ஜப்பானில் பிரால்மோரெலினும் அமெரிக்காவில் 2017இல் மசிமோரெலினும் ஹார்மோன் குறைபாட்டைக் கண்டறியும் சோதனைக்கு மட்டும். 2021இல் ஜப்பான் ஏற்ற அனமோரெலின், புற்றுநோயால் உடல் மெலிவோருக்கு. கைப்பிடி வலிமை கூடியதாக நிறுவப்படாததால் ஐரோப்பா அதை முன்பே மறுத்திருந்தது. கப்ரோமோரெலின் 2016இல் அமெரிக்காவில் உரிமம் பெற்றது, பசியற்ற நாய்களுக்கு. முதுமையைத் தள்ளிப்போடவோ தசையைப் பெருக்கவோ ஒன்றுக்கும் உரிமமில்லை. (எச்ஐவி நோயாளிகளின் வயிற்றுக் கொழுப்பைக் குறைக்கும் டெசாமோரெலின் ஜிஹெச்ஆர்ஹெச் வழியில் இயங்குவது, அதன் வெற்றியை இவற்றின் கணக்கில் எழுதக் கூடாது.)

ஆயினும் ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்ற சீட்டோடு, இவ்வகைப் பெப்டைடான இபமோரெலினின் குப்பிகள் உடற்பயிற்சிக் கூடங்களை நாடுவோருக்கு விற்கப்படுகின்றன. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இவ்வகையைத் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது. வாங்குபவரை ஈர்ப்பது மருந்தின் விளைவன்று. பெயரிலுள்ள ‘வளர்ச்சி’ என்ற சொல்.

ஆங்கிலப் பெயர் இனி மாறப்போவதில்லை. தமிழில் இத்துறைக்குக் கலைச்சொல் இன்னும் நிலைபெறவில்லை என்பது இங்கே நமக்குச் சாதகம். பாடநூல் எழுதுவோரும் மருத்துவ இதழாசிரியர்களும் இவற்றை ‘கிரெலின் ஏற்பித் தூண்டிகள்’ என்றே வழங்குமாறு வேண்டுகிறேன்.