இசையரங்கில் சரித்திரக் காட்சி

இசையரங்கில் சரித்திரக் காட்சி என்பது, ஒரு வாத்தியக் குழுவோ சங்கீத சபையோ தன் நெடுங்கால வாழ்வில் சேர்த்துவைத்த கச்சேரி நிரல்கள், கையெழுத்துப் பிரதிகள், புகைப்படங்கள், கடிதங்கள், ஒலிப்பதிவுகள் முதலியவற்றைப் பீரோவில் பூட்டிவிடாமல், கச்சேரிக்கு வரும் ரசிகர்கள் நின்று பார்க்கும்படி அரங்கின் கூடங்களில் பரப்பிவைக்கும் வழக்கமாகும்.

மேல்நாட்டில் இதற்குத் தக்க உதாரணம், 1842-இல் தோன்றிய நியூயார்க் பில்ஹார்மானிக். நெடுங்காலம் கார்னகி மண்டபத்தில் வாசித்து 1962-இல் லிங்கன் மையத்துக்குக் குடியேறிய அக்குழு, தன் ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்த பொருள்களை அரங்கிலேயே காட்சிப்படுத்தியதோடு, 2011 முதல் இணையத்திலும் அவற்றை வெளியிட்டு வருகிறது. அவற்றுள் அக்குழுவின் நடத்துநராயிருந்த லியனார்ட் பெர்ன்ஸ்டைன் கையாண்ட இசையேடுகள் விசேஷமானவை: வாத்தியக்காரர்களின் தனி ஏடுகளில் பெயர்த்தெழுத வேண்டியவற்றைச் சிவப்புப் பென்சிலாலும், தமக்கு மட்டுமான ஞாபகக் குறிப்புகளை நீலப் பென்சிலாலும் அவர் எழுதியிருக்கிறார். கார்னகி மண்டபமோ தன் நூற்றாண்டான 1991-இல் தனக்கெனவே ஒரு காட்சிச்சாலை திறந்தது. இசை நடத்துநர் டாஸ்கனினியின் கைக்கோலும் ஜாஸ் கலைஞர் பென்னி குட்மனின் கிளாரினெட்டும் அங்கே உள்ளன. கைக்கோலைக் காண்பதில் பக்தி பிறக்கலாம். சங்கீதம் உருவான விதத்தைச் சொல்வது பென்சில் குறிதான்.

நம் நாட்டு நாகசுரப் பெரிய மேளத்திலோ பாட்டுக் கச்சேரியிலோ முன்னால் விரித்துவைக்கும் ஏடு கிடையாது. குருமுகமாய்க் கற்றதும் அந்த வேளையின் மனோதர்மமுமே ஆதாரமாதலால், இங்கே சரித்திரத்தை வேறு சாட்சியங்களில் தேடவேண்டியிருக்கிறது. 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டின் பயனாக 1928-இல் தொடங்கப்பெற்ற சென்னை மியூசிக் அகாடமி, 1930 முதல் தன் சஞ்சிகையில் ராக லட்சண விவாதங்களை அச்சேற்றி வந்திருப்பது இவ்வகையில் பெரும் பாக்கியம். 1955-இல் நேரு அஸ்திவாரக் கல் நாட்ட, 1962-இல் மைசூர் மகாராஜா ஜயசாமராஜ உடையார் திறந்துவைத்த அதன் அரங்க வளாகத்தில், பழைய கச்சேரிகளின் ஒலிப்பதிவுகளைத் தொடுதிரையில் தேடிக் கேட்கும் நிலையம் அமைந்திருக்கிறது. கண்ணாடிப் பேழையைவிட இதுவே நம் சம்பிரதாயத்துக்கு உகந்தது என்பதில் ஐயமில்லை. 1943-இல் பிறந்த தமிழ் இசைச் சங்கமும் தன் ராஜா அண்ணாமலை மன்றத்தில் இசைக்கருவிகளைக் காட்சிக்கு வைத்துள்ளது.

அரங்கமே இல்லாத ஊர்களின் நிலை வேறு. நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் கோயில் திடலே கச்சேரி மேடை. நாகசுரமும் நையாண்டி மேளமும் வாசித்தவர் இன்னார் என்பதற்குத் திருவிழா நோட்டீசும், மேளத்துக்குக் கொடுத்த தொகையைக் காட்டும் வரவுசெலவு நோட்டுமே சாட்சி. சாமி கும்பிட்டு முடிந்தபின் அந்த நோட்டீசு கடையில் பொட்டலம் மடிக்கப் போய்விடுகிறது. விழாக் கமிட்டிப் பெரியவர்கள் ஆண்டுக்கொரு பிரதியை ஊர் நூலகத்திலோ கோயில் பெட்டியிலோ போட்டுவைக்க வேண்டும். நோட்டீசில் காணும் தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருமாகையால், ஆங்கில ஆண்டையும் பிரதியின் பின்புறத்தில் குறித்து வைப்பது அவசியம்.