பட்டமா, பயிற்சியா? ஆடிட்டர்களின் பழைய கணக்கு

பி.காம் முடித்தால் ஆடிட்டர் ஆகிவிடலாம் என்று இன்றும் சிலர் நினைக்கிறார்கள். இந்தத் தொழிலின் வரலாறு வேறு மாதிரி.

'சார்ட்டர்ட்' என்ற அடைமொழி ஸ்காட்லாந்தில் பிறந்தது. 1854-ல் எடின்பரோ கணக்காளர் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. 1880-ல் இங்கிலாந்து, வேல்ஸ் சங்கமும் சாசனம் பெற்றது. அங்கே கல்லூரிப் பட்டம் கட்டாயமில்லை. ஒரு ஆடிட்டரிடம் ஐந்து வருடம் 'ஆர்ட்டிகிள்டு கிளார்க்'காக இருக்க வேண்டும். பட்டதாரிக்கு மூன்று வருடம் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள்... மூன்று வருடம் படித்து வாங்கிய பட்டம் மிச்சப்படுத்தியது இரண்டே வருடம்!

அதற்காக, பயிற்சிதான் ஏழைக்குத் திறந்த கதவு என்று அவசரப்பட வேண்டாம். கற்றுக்கொள்ள வருபவருக்குச் சம்பளம் கொடுப்பதற்குப் பதில், அவரிடமே 'பிரீமியம்' என்று ஒரு தொகையை வாங்கிக்கொள்வது அந்தக் கால வழக்கம். வசதியான வீட்டுப் பையன்களுக்குத்தான் அது கட்டுப்படியானது.

இதே முறை இந்தியாவுக்கும் வந்தது. 1918-ல் பம்பாயில் ஜி.டி.ஏ. என்ற கணக்கியல் டிப்ளமோ தொடங்கியது. தேர்வும் உண்டு, பயிற்சியும் உண்டு. சென்னையின் ஆர்.சிவபோகம் 1933-ல் அதில் தேறினார். இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் அவர்தான். தேர்வில் தேறியும் உடனே தொழில் தொடங்க முடியவில்லை, பயிற்சி பாக்கி இருந்தது. போதாக்குறைக்கு, சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று ஒரு விதி. அவரோ சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர்! வழக்குப் போட்டு ஜெயித்தார். 1937-ல் சொந்த அலுவலகம் திறந்தார்.

1949-ல் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டம் வந்தபோதும் ஆர்ட்டிகிள்ஷிப் அப்படியே நின்றது. 2023-ல் மூன்று வருடம் இரண்டானது, அவ்வளவுதான்.