லிவா: அபுதாபியைப் பெற்ற மணற்சிற்றூர்கள்



அபுதாபி என்றதும் நம் கண்முன் நிற்பவை வானளாவிய கட்டடங்கள். அந்நகரைப் பெற்றெடுத்த சிற்றூர்கள் தென்மேற்கே மணற்குன்றுகளுக்கு நடுவே இன்றும் இருக்கின்றன என்பதை, இங்குப் பல்லாண்டு உழைத்தோரிலும் சிலரே அறிவர். அவற்றின் பொதுப்பெயர் லிவா.

அல் தஃப்ரா வட்டாரத்தில், ரூப் அல் காலிப் பெரும்பாலையின் வடவிளிம்பில், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளத்திற்குப் பிறைபோல் வளைந்து கிடக்கிறது அவ்வூர்களின் வரிசை. ஆறில்லை, மழையும் அரிது. ஆயினும் மணலுக்கு அடியில், அதிக ஆழமின்றியே நன்னீர் உண்டு. குன்றிடைப் பள்ளங்களில் பேரீச்சங்கன்றை நட்டு, வேர் அந்நீரைத் தொடும்வரை நீரூற்றிக் காத்தனர். அதன்பின் மரம் தானே பிழைத்துக்கொள்ளும். நகர்ந்துவரும் மணல் தோட்டத்தை மூடிவிடாதிருக்க ஈச்சமட்டைகளால் வேலியிட்டனர்.

இங்கு வாழ்ந்த பனீ யாஸ் குலத்தார் 1761ஆம் ஆண்டளவில் கடலோரத் தீவொன்றில் குடிநீரைக் கண்டனர். மானொன்றைத் துரத்திச் சென்றபோது கண்டார்கள் என்பது மரபுக்கதை. அபுதாபி என்னும் சொல்லுக்கே ‘மானின் தந்தை’ என்றுதான் பொருள். 1790களில் அவர்தம் தலைவர் லிவாவை விட்டு அத்தீவிற்கு இருப்பிடத்தை மாற்றினார். தலைநகர் உருவான வரலாறு இவ்வளவே.

ஆனால் என் நெஞ்சைத் தொடுவது அத்தலைவரின் வரலாறன்று. லிவாவின் ஆண்களில் பலர் கோடைதோறும் ஒட்டகத்தில் கடற்கரை சென்று முத்துக்குளித்தனர். பேரீச்சை பழுப்பதும் அதே கோடையில்தான். எனவே ஊரில் எஞ்சியோரே கனி பறித்தனர். கடலுக்குச் செல்வோர் ‘நகுதா’விடம் முன்பணம் பெறுவர், அவர் நம் முத்துக்குளித்துறையின் சம்மாட்டியை ஒத்தவர். பருவம் பொய்த்தால் கடன் அடுத்த ஆண்டிற்கு நீளும். தந்தை இறந்தால் மகன் தலையில் விழும். அவர்கள் மூச்சடக்கி எடுத்த முத்துகள் பம்பாய்க்குச் சென்றன. இக்கரையில் அன்று புழங்கிய நாணயமும் நம் ரூபாய்தான்!

1930களில் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சேர்ந்து அத்தொழிலை வீழ்த்தின. அதன்பின் வந்த வறுமை கொடியது. 1948இல் லிவாவிற்கு வந்த வில்ஃப்ரட் தெசிகர் கண்டவை பேரீச்சந்தோப்புகளும் ஓலைக்குடில்களுமே. 1963இல் இதே வட்டாரத்தின் ஜெபல் தன்னாத் துறையிலிருந்து எண்ணெய் கப்பலேறியது. ஒரு தலைமுறைக்குள் அனைத்தும் மாறின.

இவ்வட்டாரத்தின் சர் பனீ யாஸ் தீவில் 1992இல் கண்டறியப்பட்ட, கீழைத் திருச்சபையினரின் பழந்துறவு மடம் குறித்துத் தனியே எழுத வேண்டும்.

இன்று லிவாவின் தோட்டங்களில் மரமேறி, பாளைக்கு மகரந்தம் இட்டு, குலை தாங்கக் கயிறு கட்டுவோருள் பலர் நம் துணைக்கண்டத்தார். அவர்களில் ஒருவரிடம் ஊருக்கு எப்போது போவீர்கள் என்று கேட்டேன். வருவதற்காக முகவரிடம் பட்ட கடன் இன்னும் ஓராண்டில் அடைந்துவிடும், சாமி, என்றார்.