சாயாத மைனர்

மருதானை ரயில் நிலையத்தில் இறங்கி டவர் மண்டபப் பக்கமாக நடந்தால் சற்றைக்கெல்லாம் பழைய ஒயிலின் மணம் மூக்கில் ஏறும். பஞ்சிகாவத்தை வந்துவிட்டது. 1911இல் திறந்த அந்த மண்டபத்துக்குச் சிங்கள நாடகம் பார்க்கக் கொழும்பே திரண்ட காலம் ஒன்று இருந்தது. இன்று பஞ்சிகாவத்தை என்றதும் இலங்கையில் யாருக்கும் நினைவுக்கு வருவது வாகன உதிரிப்பாகம்தான். கூரையிலிருந்து லாம்புகள் மாலை மாலையாகத் தொங்கும். கார்க் கதவுகள் புத்தகம்போல அடுக்கியிருக்கும். விறகுக் கட்டுப்போலக் கிடப்பவை ஷொக் அப்சோபர்கள். காணாமல்போன சொந்தக் கண்ணாடியையே இங்கே காசு கொடுத்து வாங்கலாம் என்பது கொழும்பின் பழைய பகிடி.

முடக்கில் கார் சாயாமல் திரும்பவேண்டும், ஆனால் கையில் அதிகம் இல்லை. அந்த ஆசையோடு அலைந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வந்துசேர்ந்த இடமும் இதுதான். அவர்களுடைய கதையை மொரிஸ் மைனரிலிருந்து தொடங்குவதே நியாயம்.

மைனர் 1948இல் வந்தது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்கு மாதிரி வண்டி ஒடுங்கலாகப் பட்டது. நெடுக்காக இரண்டாக அறுக்கச் சொன்னார். பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்து, கடைசியில் நான்கு அங்குலம் அகட்டினார். பொனட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த அறுவையின் தழும்பு. அகன்ற வண்டி முடக்கில் நன்றாகக் கால் ஊன்றியது. முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. முறுக்கேறித் தாங்கும் நீளமான டோர்ஷன் பார். அதன் நுனியிலுள்ள பல்லை இடம் மாற்றிப் பூட்டினால் வண்டியின் மூக்கு பணியும் அல்லது நிமிரும். கராஜ் பாஸ்மாருக்கு ஒரு சதம் செலவில்லாத வித்தை அது.

குறையும் முன்பக்கத்திலேயே இருந்தது. சில்லைத் தாங்கும் ட்ரனியன் ஒரு திருகு மூட்டு. கிரீஸ் அடிக்க மறந்தால் புரி தேய்ந்து கழன்று, முன்சில்லு ஒருநாள் நடுத்தெருவில் மடிந்து படுத்துவிடும். மைனர் வைத்திருந்த எவரிடமும் கேட்டால் ட்ரனியன் கதை ஒன்று வரும்.

1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. இருக்கிற வண்டியையே ஓட்டித் தீரவேண்டும். விறைத்துப்போன ரப்பர் புஷ்ஷை மாற்றுவதும், பின்னாலுள்ள லீஃப் ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூடப் போடுவதும், தேய்ந்த பின்னை லேத் பட்டறையில் கடைவிப்பதும்தான் அன்றைக்கு வண்டியைத் திருத்துவது. ஸ்ரீ இலக்கத்தகட்டோடு வந்த மைனர்கள் இன்றும் ஓடுகின்றன.

1959இல் வந்த மினிக்கு ஸ்பிரிங்கே ரப்பர்க் கூம்பு. அலெக்ஸ் மோல்ட்டனின் யோசனை. 1876இல் ஹெனரத்கொடையில் ரப்பர்க் கன்று ஊன்றிய நாட்டுக்குப் பொருத்தமான வண்டிதான். ஆனால் வயதாக ஆக அந்த ரப்பர் அமுங்கிவிடும். இன்றைய வாலிபர்கள் காசு கொடுத்துக் காரைத் தாழ்த்துகிறார்கள். மினி இலவசமாகவே தாழ்ந்தது.

இந்தக் கைவேலைகளுக்கெல்லாம் பரீட்சை வைத்தது நுவரெலியா. மகாகஸ்தோட்டையில் 1934இல் தொடங்கிய மலையேற்ற ஓட்டம் ஏப்ரல் வசந்தகாலக் கொண்டாட்டத்தின் ஓர் அங்கம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒவ்வொரு வண்டியாக ஏறும், போட்டி கடிகாரத்தோடு. அந்த ஏற்றத்தில் முடக்குக்கு முடக்கு வேகத்தை இழக்கிறவனுக்குப் பெரிய எஞ்சின் இருந்தும் பலனில்லை.

1977இல் பொருளாதாரம் திறந்தது; தெருவின் முகமே மாறியது. நிஸான் சனி, மிட்சுபிஷி லான்ஸர், டொயோட்டா கொரோலா. ஜப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும் பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அந்தச் செலவுக்கு அஞ்சி ஜப்பானியர் கழிக்கும் வண்டியிலிருந்து இங்கே வரும் பாகங்களில் இன்னும் பல ஆண்டு உயிர் இருக்கும். நமக்கு ஸ்டியரிங்கும் அதே வலப்பக்கம். ஸ்பிரிங்கையும் ஷொக்கையும் ஒரே தூணாகச் சேர்த்த மக்ஃபர்சன் அமைப்பு பரவிய பிறகு, கழற்றிப் பூட்டுவதும் சில போல்ட்டுகளின் வேலையாகிப்போனது. 1983 ஜூலையில் பொரளையில் மூண்ட இனக்கலவரத் தீ மருதானையிலும் தமிழர் கடைகளை எரித்தது. வியாபாரம் நின்றது, பிறகு மறுபடி எழுந்தது.

இங்கே மலிவாகத் தேறியவர்களின் சூத்திரம் ஒன்றுதான்: தன் காரின் அண்ணனைத் தேடுவது. ஒரே மொடலில் விலை குறைந்த வண்டிக்குப் பின்பக்க ஸ்டெபிலைசர் பார் இருக்காது. விலை கூடியதற்கு இருக்கும். துளைகள் பொருந்தினால் அந்த ஒரு கம்பியே சாய்வைக் கண்முன்னே குறைத்துவிடும். அதற்கும் முன்னால் நல்ல டயர், புதிய புஷ். இதை விட்டுவிட்டு ஸ்பிரிங்கில் ஒரு சுற்றைக் கிரைண்டரால் வெட்டுவதைப்போல வீண்வேலை வேறில்லை. ஸ்பிரிங் விறைக்கும், ஷொக்கால் அதை அடக்க முடியாது, கொழும்புக் குழியில் வண்டி அடிவயிற்றில் குத்தும். காஸ் விளக்கால் சூடுகாட்டி ஸ்பிரிங்கைத் தாழ்த்துகிறவர்களும் உண்டு. இரும்பின் பதமே போய்விடும்.

2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குக் கதவு திறக்கும்வரை, ஏறக்குறைய ஐந்தாண்டு நாடு மறுபடி 1960களில் வாழ்ந்தது. பழைய காரின் விலை ஏறியது, பழைய சாமானுக்கும் மவுசு வந்தது.

அந்த நாட்களின் பழக்கம் இன்னும் போகவில்லை. பேப்பரில் சுற்றிய தேய்ந்த புஷ்ஷோடு ஒருவர் கடை வாசலில் நிற்கிறார். "நானா, சனிக்குப் போற பின்பக்க ஷொக் ஒரு சோடி இருக்கா?"

கடைக்காரர் குவியலிலிருந்து ஒன்றை இழுத்து, தண்டை உள்ளே அமுக்கி விடுகிறார். அது அவசரப்படாமல் எழுந்து வருகிறது. கழுத்தில் விரலை ஓட்டிக் காட்டுகிறார், ஈரமில்லை. அடுத்ததை வந்தவரே எடுக்கிறார். அமுக்கியது பாதிவரை தடையே இல்லாமல் விழுகிறது.

"அத வைங்க மகன், அது செத்திட்டுது," என்று வாங்கி மறுபடி அதே குவியலில் போடுகிறார் கடைக்காரர்.