மவுண்ட் காக்ஸ்: முன்கதவில் பூட்டு, பின்சுவரில் ஓட்டை

மவுண்ட் காக்ஸ் என்றதும் ஏதோ மலையின் பெயர் என்று தோன்றும். மலையெல்லாம் இல்லை. 'மேஜிக்: த கேதரிங் ஆன்லைன்' விளையாட்டின் சீட்டுகளை வாங்கி விற்க, ஜெட் மெக்கேலப் என்பவர் 2007-ல் வாங்கிப் போட்ட இணைய முகவரியின் சுருக்கம் அது. 2010-ல் அதையே பிட்காயின் சந்தையாக மாற்றினார். அடுத்த வருடமே மார்க் கார்பெலெஸ் என்ற பிரெஞ்சுக்காரரிடம் விற்றுவிட்டார். டோக்கியோவிலிருந்து நடந்த இந்தச் சந்தை, ஒரு கட்டத்தில் உலக பிட்காயின் வியாபாரத்தில் பாதிக்கும் மேல் கையாண்டது.

முதல் அடி 2011 ஜூனில். யாரோ ஒரு பெரிய கணக்கில் புகுந்து காயின்களைக் கொட்டி விற்க, சுமார் 17 டாலராக இருந்த விலை ஒரே ஒரு சென்ட்டுக்கு இறங்கியது. திருட வந்தவன் ஏன் விலையைக் கெடுக்க வேண்டும்? ஒரு கணக்கிலிருந்து நாளைக்கு 1,000 டாலர் மதிப்புக்கு மேல் எடுக்க முடியாது என்று வரம்பு இருந்தது. விலை விழுந்தால் அதே 1,000 டாலருக்கு மூட்டை மூட்டையாக காயின் வெளியேறும் அல்லவா! அதே நாட்களில் சுமார் 60,000 பேரின் பயனர் விவரங்கள், மறையாக்கம் செய்த கடவுச்சொற்களோடு கசிந்தன. அதே கடவுச்சொல்லை வேறு தளத்திலும் வைத்திருந்தவர்கள் அங்கேயும் இழந்தார்கள். சந்தை எல்லாக் கணக்குகளையும் முடக்கியது. தான்தான் உரிமையாளர் என்று நிரூபித்தவருக்கே கணக்கு திரும்பக் கிடைத்தது. பிறகு ஒருமுறைக் கடவுச்சொல் கருவியும் வந்தது.

எல்லாம் நல்ல ஏற்பாடுதான், ஆனால் முன்கதவுக்கு மட்டும். காயின்களின் சாவி நிறுவனத்திடம் இருந்தது. வாடிக்கையாளர் திரையில் பார்த்த இருப்பு, பேரேட்டில் ஒரு வரி. வணிகவியல் பாஷையில் அவர் வெறும் கடனீந்தோர். அமெரிக்க நீதித்துறை 2023-ல் வெளியிட்ட குற்றச்சாட்டின்படி, 2011 செப்டம்பரிலேயே திருடர்கள் நிறுவனத்தின் சர்வருக்குள் வந்துவிட்டார்கள். எவ்வளவு கடினமான கடவுச்சொல் வைத்தவருக்கும் அதைத் தடுக்க வழியில்லை.

2014 பிப்ரவரி 7-ல் காயின் எடுப்பது நிறுத்தப்பட்டது. மென்பொருள் கோளாறு என்று காரணம் சொன்னார்கள். பிப்ரவரி 28-ல் திவால் மனு. சுமார் 8,50,000 பிட்காயின் காணோம், அதில் 7,50,000 வாடிக்கையாளர்களுடையது. மார்ச்சில் ஒரு பழைய வாலட்டில் சுமார் 2,00,000 கிடைத்தது... பழைய சட்டைப் பையில் பத்து ரூபாய் கிடைத்த மாதிரி! 2019-ல் கணக்குப் பதிவுகளைத் திருத்தியதற்காக கார்பெலெஸுக்கு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. கையாடல் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை.

அடுத்த சிக்கல் சட்டத்தில். திவால் விதிப்படி ஒவ்வொருவரின் கோரிக்கையும் 2014 விலையில், காயினுக்கு சுமார் 483 டாலர் என்று உறைந்துவிட்டது. 2017 இறுதியில் விலையோ 20,000 டாலரை நெருங்கியது. மிஞ்சும் பணம் பங்குதாரர்களுக்கே போகும் நிலை! கடனீந்தோர் விடவில்லை. 2018 ஜூனில் டோக்கியோ நீதிமன்றம் வழக்கை சிவில் மறுசீரமைப்பு நடைமுறைக்கு மாற்றியது. அதனால் காயினாகவே திருப்பித் தர வழி பிறந்தது.

2024 ஜூலையில் காயின்கள் வரத் தொடங்கின. நீதிமன்றம் நியமித்த டிரஸ்டி பெயரில் போலி மின்னஞ்சல்களும் வந்ததால், அவரே எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. காயின்கள் எங்கே வந்தன தெரியுமா? கிராக்கன், பிட்ஸ்டாம்ப் போன்ற வேறு சந்தைகளில் இருந்த கணக்குகளுக்கு.