கோடு எங்கே தொடங்கியது: நகர நல்வாழ்வு ஆய்வில் படைப்பின் இடம்

நகர வாழ்வு குறித்த மாணவர் ஆய்வேடுகளில் வினாநிரலும் அட்டவணையும் நடு இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வரைந்த படமும் எடுத்த குறும்படமும் பின்னிணைப்புக்குப் போய்விடுகின்றன. இந்தப் பாகுபாடு தவறு என்பதே என் வாதம். நல்வாழ்வைப் பற்றிய ஆய்வில் படைப்புதான் பல வேளைகளில் தரவு.

1950களில் எம்.ஐ.டி.யில் நகரின் தோற்றத்தை ஆராயத் தொடங்கிய கெவின் லிஞ்ச் நகரமைப்பு அறிஞர். அவருடன் சேர்ந்து அந்த ஆய்வை நடத்திய ஜியார்ஜி கெபெஷ் ஓவியர். பாஸ்டனில் முப்பது பேர், ஜெர்சி சிட்டியிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் பதினைந்து பேர் வீதம் தங்கள் நகரை நினைவிலிருந்து வரைந்தார்கள். படம் எவ்வளவு சரி என்பதோடு, எந்தக் கோடு முதலில் விழுந்தது, எந்தப் பகுதி வெற்றிடமாக நின்றது என்பவையும் கணக்கில் வந்தன. ஒருவருக்கு நகரின் எந்த மூலை பழக்கம், எது அந்நியம் என்பதை ஐந்து புள்ளி அளவுகோல் இப்படிக் காட்டிவிடாது.

1970களில் யுனெஸ்கோவின் துணையோடு லிஞ்ச் வகுத்த ‘நகரங்களில் வளர்தல்’ திட்டம் இதே முறையைப் பதின்பருவத் தொடக்கத்தில் இருந்த பிள்ளைகளிடம் கொண்டுசென்றது. மெல்போர்னின் மேற்குப் புறநகரில் தனித்தனி வீடுகளும் திறந்த வெளிகளும் இருந்தன. பிள்ளைகளோ சலிப்பைப் பற்றியே பேசினார்கள். அர்ஜென்டினாவின் சால்டா நகரில், வருவாய் குறைந்த லாஸ் ரோசாஸ் குடியிருப்பின் பிள்ளைகள் தங்கள் இடத்தைப் பற்றோடும் நம்பிக்கையோடும் விவரித்தார்கள். வசதிகளை மட்டும் எண்ணியிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 1990களில் லூயிஸ் சாவ்லா இத்திட்டத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தபோது பெங்களூரின் சத்யநகரும் அதில் இடம்பெற்றது. மக்கள் தாமே கட்டிக்கொண்ட அந்தக் குடியிருப்பில் குடிநீரும் கழிப்பிடமும் போதவில்லை. ஆயினும் பிள்ளைகளிடம் தோழமையும் இடப்பற்றும் மிகுந்திருந்தன. இதை ‘ஏழ்மையிலும் மகிழ்ச்சி’ என்று படிப்பது பெரும் அநீதி. தோழமை குடிநீருக்கு ஈடாகாது. படைப்பு முறை இரண்டையும் ஒரே ஏட்டில் வெளிக்கொணர்கிறது; ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது படிப்பவரின் பிழை.

ஒருவர் வரையும் படத்தில் அவரது கைத்திறனும் கலந்திருக்குமே என்ற மறுப்பு நியாயமானது. அதனால்தான் படத்தைத் தனியே மதிப்பிடக் கூடாது. வரைந்தவரோடு அதே தெருவில் நடந்து, அவரது ஒரு நாளைக் கேட்டு ஒப்பிட வேண்டும்.

படைப்பே தரவு என்பது கேமராவுக்கும் பொருந்தும். நியூயார்க் 1961ஆம் ஆண்டு விதிகளின்படி, கட்டடத்தின் முன் திறந்த முற்றம் விட்டவர்களுக்குக் கூடுதல் தளப்பரப்பு கொடுத்தது. அப்படி உருவான முற்றங்கள் பல வெறிச்சோடிக் கிடந்தன. ஹன்டர் கல்லூரியில் கற்பித்துவந்த வில்லியம் ஒயிட், 1970 வாக்கில் இளம் ஆய்வாளர் குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, நேரச்சுருக்கப் படப்பிடிப்பால் அவற்றை நாள் முழுதும் கவனித்தார். உட்கார இடம் இருந்தால் மக்கள் உட்கார்ந்தார்கள். அவ்வளவு எளிய உண்மை, படச்சுருளை ஓட்டிப் பார்த்து எண்ணிய பிறகே நிலைநின்றது. 1975இல் நகரம் விதிகளைத் திருத்தி, முற்றங்களில் இருக்கைகளைக் கட்டாயமாக்கியது. அந்தப் படச்சுருள் எந்த ஆய்வேட்டின் பின்னிணைப்பிலும் கிடக்கவில்லை; நகரமைப்பு ஆணையத்தின் முன்னால் ஓடியது.